அன்பளிப்பாக வந்த ஆர்க்கிட்: வேரழுகிய ஒரு செடியை மீட்க முயன்ற நிகழ்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள்தான். இப்போது பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது, அதாவது பாமாயில் எடுக்கும் பனை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள் பல, பட்டணத்து ஓரத்தில் இருக்கும் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளில் வசிக்கின்றன. இந்த நிகழ்வு அப்படிப்பட்ட ஒரு தாமானில், ஒற்றை மாடி வரிசை வீடு ஒன்றில் நடந்தது. செடிக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் அழைப்பார்கள். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

சீனப் புத்தாண்டுக்கு அவருடைய மகனுக்கு வேலையிடத்தில் கொடுத்த அன்பளிப்பு அது. வெள்ளைப் பூக்கள் கொண்ட மூன்று ஃபலேனாப்சிஸ் வகை ஆர்க்கிட் செடிகளை ஒரே பீங்கான் சட்டியில் அடுக்கி, மேலே அலங்காரப் பாசி போட்டு மூடியிருந்தார்கள். பண்டிகைக் காலத்தில் கடைகளில் வரிசையாக நிற்குமே, அதே வகை. டீச்சர் அதை ஹாலில் தொலைக்காட்சி மேசையின் ஓரத்தில் வைத்தார். பூக்கள் ஏறக்குறைய மூன்று மாதம் நின்றன. இந்தக் கலப்பினங்களுக்கு அது வழக்கமான ஆயுள்தான். பூ உதிர்ந்தது செடியின் நோய்க்கு அறிகுறியல்ல.

தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர், வாரத்தில் ஓரிரு நாள் அரிசி கழுவிய தண்ணீர். இதுதான் அவர் செய்துவந்த பராமரிப்பு. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது. டீச்சர் பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். அவருடைய அம்மா வாசலில் கம்பு நட்டு வண்டா ஆர்க்கிட் வளர்த்தவர். சிங்கப்பூர் 1981-இல் தேசிய மலராக அறிவித்த அந்த ஊதாப் பூச்செடிதான். அது முழு வெயிலில் நிற்கும். அதன் வேர்கள் காற்றில் தொங்கும். காலையில் வாளியோடு தண்ணீர் ஊற்றினாலும் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். தினமும் ஊற்றாவிட்டால் அது வாடும். அதே கைப்பழக்கத்தைத்தான் டீச்சர் இந்தச் செடிக்கும் காட்டினார். ஆர்க்கிட் என்றால் தினமும் தண்ணீர் என்று அவர் நினைத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் இந்தச் செடியின் வேர் காற்றில் தொங்கவில்லை. சட்டிக்குள் இறுக்கி அடைத்த பாசியில் இருந்தது.

இலை வாடியதும் நடந்தது

பூ உதிர்ந்து சில வாரத்தில் இலைகள் தளர ஆரம்பித்தன. தடித்து விறைப்பாக இருந்தவை துவண்டு, மேற்பரப்பில் சுருக்கம் விழுந்தது. பார்க்கிற யாருக்கும் அது தாகம் போலத்தான் தெரியும். டீச்சர் காலை மாலை என்று இரண்டு வேளையாகத் தண்ணீரைக் கூட்டினார். அப்படியும் தேறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் செம்பனைக்குப் போடும் நீல மணி உரம் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். நல்லவேளை, அதைப் போடுவதற்கு முன்பு என்னை அழைத்தார்கள். இந்தத் தாமானில் ஆர்க்கிட் வளர்க்கிறவன் நான் என்பதால், நோய்ப்பட்ட செடிகள் அவ்வப்போது என் வாசலுக்கு வரும்.

"தண்ணி போதலையா தம்பி? ரெண்டு வேளை ஊத்திப் பாத்துட்டேன்" என்று கேட்டார்.

ஃபலேனாப்சிஸில் இலை வாடுவது இரண்டு நேரெதிர்க் காரணங்களால் நடக்கும். தண்ணீரே இல்லாமலும் வாடும். தண்ணீர் மிகுந்து வேர் அழுகிவிட்டாலும் வாடும். இரண்டிலும் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்பதுதான் உண்மை. அதனால் இலையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க முடியாது. சட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நான் தூக்கினேன். கனத்தது. இலை தாகம் என்கிறது, சட்டியோ ஈரம் என்கிறது. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வேர் செத்துக்கொண்டிருக்கிறது.

வெளியே எடுத்துப் பார்த்தபோது

பீங்கான் சட்டியின் அடியில் துளை இல்லை. உள்ளே மூன்று செடிகளும் தனித்தனியாக மெல்லிய பிளாஸ்டிக் சட்டிகளில் இருந்தன. இடைவெளியில் பாலிஸ்டைரீன் துண்டுகளைத் திணித்திருந்தார்கள். மேலே போட்ட அலங்காரப் பாசியால் இது எதுவும் வெளியே தெரியவில்லை. அடியில் விரல் நனையும் அளவுக்குத் தண்ணீர் தேங்கி, வாடை அடித்தது.

முதல் செடியில் நடு இலையைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அதன் அடிப்பகுதி கறுத்திருந்தது. குருத்தழுகல். மேலிருந்து ஊற்றிய தண்ணீர் குருத்தில் தங்கி இரவில் காயாமல் இருந்தால் இது வரும். ஃபலேனாப்சிஸ் ஒரே குருத்தில் மேல்நோக்கி வளரும் செடி என்பதால், குருத்து போனால் அந்தத் தண்டு மேலே வளராது. இரண்டாவது செடி இலையெல்லாம் உதிர்ந்து, தண்டு பழுப்பாகி, முழுவதும் செத்திருந்தது.

மூன்றாவதில் நான்கு இலைகள். கீழ் இரண்டும் மஞ்சள், மேல் இரண்டும் பச்சை, ஆனால் தோல் போலச் சுருங்கியவை. குருத்து உறுதியாக இருந்தது. பிளாஸ்டிக் சட்டியைக் கத்தரித்து வேரைப் பார்த்தேன். நாற்றங்காலில் வைத்த, நீரைத் தேக்கிவைக்கும் ஸ்பாக்னம் பாசிக் கட்டி நடுவில் அப்படியே சொதசொதவென்று இருந்தது. வேர்கள் பெரும்பாலும் பழுப்பு. விரலால் உருவினால் மேலுறை கழன்று, உள்ளே இருக்கும் நார் மட்டும் மிஞ்சியது.

அந்த மேலுறைக்கு வெலமென் என்று பெயர். மழை பெய்யும்போது சட்டென்று நீரை உறிஞ்சி, மழை விட்டதும் காய்ந்து காற்றுப் படும்படி அமைந்த உறை அது. மரக்கிளையில் தொற்றி வாழும் செடிக்கு அதுதான் பொருத்தம். நல்ல வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகவும், நனைந்ததும் பச்சையாகவும் தெரியும். நாள் கணக்கில் ஈரத்திலேயே கிடந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சுத் திணறிச் செத்த வேரைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்றுவிடும்.

உயிரோடு இருந்தவை இரண்டு. ஒன்று பாசிக்கு மேலே, காற்றில் நீட்டிக்கொண்டிருந்த குட்டை வேர், நுனி பச்சை. மற்றது பாசிக்குள்ளே பாதி அழுகி, பாதி கெட்டியாக இருந்தது. தண்டின் அடியை ஒரு சிறு சீவல் சீவிப் பார்த்தேன். ஃபுசேரியம் பூஞ்சை ஏறியிருந்தால் வெட்டுப் பரப்பில் ஊதா கலந்த பழுப்பு வளையம் தெரியும். தெரியவில்லை. வெட்டுப் பரப்பு சுத்தமாக இருந்தது. முயலலாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் கொடுத்தது அதுதான்.

எடுத்த முடிவுகள்

கத்தரியை எடுப்பதற்கு முன்பு ஒன்றைப் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது: எதை வெற்றி என்று சொல்லப் போகிறோம்? டீச்சர் தீபாவளிக்குப் பூக்குமா என்று கேட்டார். பூக்காது என்று நேராகவே சொன்னேன். இவ்வகைக் கலப்பினங்கள் பூங்காம்பு விடுவதற்கு 25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைவான குளிர்ச்சி சில வாரங்கள் தொடர்ந்து வேண்டும். 28-க்கு மேல் நீடித்தால் இலைதான் விடும். எங்கள் ஊரில் பகலில் 32, 33 சாதாரணம். ஆக, நலமாக இருக்கும் செடியே இங்கே மறுபடி பூப்பது கடினம். வேரில்லாத செடி பூப்பதைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. புதிதாக ஒரு வேர் வந்து, அது சட்டியைப் பற்றினால் போதும், அதுவே வெற்றி என்று ஒத்துக்கொண்டோம். டீச்சர் முகம் வாடினாலும் "சரி, உயிர் தங்கட்டும் முதல்ல" என்றார். இந்தப் பேச்சு நடந்திராவிட்டால் பின்னால் வந்த மெதுவான மாதங்களில் அவர் பொறுமை இழந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பூங்காம்பை வெட்டினேன். அது இன்னும் பச்சையாக இருந்தது. கணுவில் குட்டிச்செடி வரும் என்று யாரோ சொல்லியிருந்ததால் டீச்சருக்கு மனசில்லை. சில சமயம் வரும்தான். ஆனால் வேர் இல்லாத செடி தண்ணீரையும் சேமிப்பையும் இரண்டு பக்கம் பிரித்துக் கொடுக்கும் நிலையில் இல்லை.

அழுகிய வேர்களை, நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தியால் நீக்கினேன். ஒவ்வொரு செடிக்கும் கத்தியை மறுபடி நெருப்பில் காட்ட வேண்டும். ஆர்க்கிட்டைத் தாக்கும் வைரஸ்கள் வெட்டுக் கத்தியில் ஒட்டும் சாற்றின் வழியாகத்தான் பெரும்பாலும் பரவுகின்றன. வெட்டுப் பட்ட இடத்தில் மட்டும் இலவங்கப்பட்டைத் தூள் வைத்தேன். அது காயத்தைக் காய வைக்கும்; அதே காரணத்தால் நல்ல வேரில் பட்டால் அதையும் காய வைத்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. உயிருள்ள வேரின் திசுவையும் அது தாக்கும் என்பதால் நான் பயன்படுத்துவதில்லை. இலையிடுக்கில் இருந்த மாவுப்பூச்சிகளை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தோம்.

வேரில்லாத ஆர்க்கிட்டை ஈரப்பாசியோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது பரவலாகச் சொல்லப்படும் முறை. குளிர்நாட்டில், வறண்ட காற்றுள்ள வீடுகளுக்கு அது பொருத்தம். இங்கே இரவில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டும். ஃபலேனாப்சிஸ் தன் இலைத்துளைகளை இரவில்தான் திறக்கிறது. செடி மூச்சுவிடும் நேரத்தில் காற்று ஈரமாகவே இருக்கிறது. அதற்கு மேல் 33 டிகிரி வெக்கையில் பையைக் கட்டினால் செடி வெந்து அழுகும். எங்களுக்குத் தேவை ஈரமான காற்று, அதோடு காற்றோட்டம். அதனால் பை வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

பக்கவாட்டில் துளைகள் உள்ள சிறிய மண்சட்டியில் அடுப்புக்கரித் துண்டுகளை நிரப்பினோம். பேராக் கரைப்பக்கம் கோலா செபெத்தாங்கில் கண்டல் மரத்தில் சுடும் கரி எங்கள் கடைத்தெருவிலேயே கிடைக்கிறது. சாம்பலும் உப்பும் போக இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிய பிறகே போட வேண்டும். உயிருள்ள வேரைச் சுற்றி மட்டும் ஒரு சிட்டிகைப் புதுப் பாசி. வேர் பிடிப்பு இல்லாத செடி ஆடும். ஆடினால் புதிதாக வரும் வேர் நுனி உரசி முறியும். அதனால் தண்டை ஒரு மூங்கில் குச்சியோடு கட்டி, அசைத்துப் பார்த்து, மறுபடி இறுக்கினேன். வெளியே பார்க்க அழகில்லாத இந்த வேலைதான் செடியைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு வகித்தது என்பது என் எண்ணம்.

இடம், வீட்டின் முன் போர்ச்சில் கூரை ஓரத்துக்கு உள்ளே. காலை வெளிச்சம் உண்டு, நேர் வெயில் இல்லை. தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் பாசி காய்ந்த பிறகு, குருத்தில் படாமல். உரம் வேண்டாம், அரிசித் தண்ணீரும் வேண்டாம்.

கடைசி இரண்டையும் டீச்சர் ஏற்கச் சிரமப்பட்டார். "நோயாளிக்குக் கஞ்சிகூடக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டார். உறிஞ்சுவதற்கு வேர் இல்லாதபோது உரத்தின் உப்பு மிச்சமிருக்கும் வேரிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். அரிசித் தண்ணீரின் மாவுச்சத்து செடியைவிடக் கிருமிகளுக்குத்தான் தீனி. அதைச் சொன்னதும் நீல உரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தொடர்ந்து நடந்தவை

முதல் சில வாரத்தில் கீழ் இலைகள் இரண்டும் உதிர்ந்தன. இதை முன்பே சொல்லி வைத்திருந்தேன். வேர் கொடுக்காததைச் செடி தன் பழைய இலைகளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மஞ்சளான இலையை இழுத்துப் பறிக்காமல் தானாக விழ விட்டோம். மேலிலைகள் சுருக்கத்தோடு அப்படியே நின்றன. மோசமாகவில்லை, தேறவுமில்லை. டீச்சர் இந்த நாட்களில் தினமும் சட்டியைத் தூக்கிக் கனம் பார்க்கக் கற்றுக்கொண்டார். டம்ளரை எடுப்பதற்கு முன்பு கை தானாகச் சட்டிக்குப் போனது.

தீபாவளி நெருங்கியபோது மழை கனத்தது. ஒரு மாலை காற்றோடு அடித்த மழையில் சாரல் போர்ச்சுக்குள் வந்து இலை முழுக்க நனைந்திருக்கிறது. இரண்டு நாளில் ஒரு இலையின் நடுவே நீர்க்கோத்த பழுப்புத் திட்டு. அழுத்தினால் நீர் கசிந்து நாறியது. எர்வீனியா என்று வளர்ப்பவர்கள் இன்றும் சொல்லும் பாக்டீரியா மென்னழுகல் அது. இந்த வெக்கையில் ஓரிரு நாளில் குருத்தை எட்டிவிடும். யோசிக்க நேரமில்லை. திட்டின் ஓரத்திலிருந்து நல்ல பச்சைப் பகுதிக்குள் தள்ளி, இலையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தேன். ஏற்கெனவே இரண்டே இலை. அதில் ஒன்றில் பாதிக்கு மேல் போனது. வெட்டுக்கு வெட்டு கத்தியை நெருப்பில் காட்டி, ஓரத்தில் இலவங்கப்பட்டைத் தூள் வைத்து, சட்டியைச் சுவர்ப் பக்கம் தள்ளி, சிறிய மின்விசிறியை வேறு பக்கம் திருப்பி மெதுவாக ஓடவிட்டோம். தண்ணீரைச் சில நாள் நிறுத்தினோம். அழுகல் பரவவில்லை.

அதன் பிறகுதான் தண்டின் பக்கத்தில், பழைய இலை உதிர்ந்த இடத்துக்கு மேலே, சிறு முண்டு ஒன்று தெரிந்தது. டீச்சர்தான் முதலில் பார்த்தார். போனில் படம் அனுப்பிவிட்டு, அது போதாதென்று ஆளையும் அனுப்பினார். பச்சை நுனியோடு புது வேர். கொஞ்ச நாளில் இன்னொன்றும் வந்தது. இதில் ஒன்றின் நுனியை இரவில் நத்தை தின்றுவிட்டது. ஆர்க்கிட்டின் இளம் வேர் நுனி நத்தைக்குப் பிடித்த தீனி. மறுநாளே சட்டியைக் கம்பி போட்டுத் தொங்கவிட்டோம். நுனி போன வேர் நின்றுவிட்டாலும், மற்றது கரிக்குள் இறங்கியது.

வேர் நீளத் தொடங்கிய பிறகே உரம் ஆரம்பித்தோம். பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவில் கால் பங்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, முதலில் வெறும் தண்ணீரில் வேரை நனைத்துவிட்டு. தைப்பூசம் வந்தபோது குருத்தில் புது இலையின் முனை எட்டிப் பார்த்தது.

இப்போதைய நிலை

செடி உயிரோடு இருக்கிறது. வேர்கள் மண்சட்டியின் துளை வழியே வெளியே வந்து சுவரைப் பற்றியிருக்கின்றன. புது இலை பழையவற்றைவிடச் சிறியது, ஆனால் விறைப்பானது. பழைய இலையின் சுருக்கம் முழுவதும் போகவில்லை. ஒருமுறை அந்த அளவுக்குச் சுருங்கிய இலை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பூ இல்லை.

கேமரன் மலையில் ரிங்லெட்டில் இருக்கும் டீச்சரின் தங்கை மகள், செடியைத் தன்னிடம் சில மாதம் விடச் சொன்னார். அங்கே இரவுக் குளிர் இயல்பாகவே கிடைக்கும். பூங்காம்பு வர வாய்ப்பு உண்டு என்று நானும் சொன்னேன். டீச்சர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். "பூக்காட்டியும் பரவாயில்ல தம்பி, இது இங்கயே இருக்கட்டும்." பூவுக்காகப் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ஒரு டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வாங்கினார். சமவெளி வெயிலிலேயே பூக்கும் வகை. அது நல்ல தேர்வு. பழைய தோட்டத்துத் தோழி வீட்டு வேலியிலிருந்து வண்டாத் தண்டு ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு மட்டும் தினமும் வாளித் தண்ணீர்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அன்பளிப்புச் சட்டி வீட்டுக்கு வந்த அன்றே அலங்காரப் பாசியை விலக்கி அடியைப் பார்த்திருந்தால் இவ்வளவும் வேண்டியிருந்திருக்காது. பூத்திருக்கும்போது வேரைக் கலைக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் பிளாஸ்டிக் சட்டியோடு செடியைத் தூக்கி, துளையுள்ள வேறு சட்டியில் இறக்கி வைக்க எந்தத் தடையும் இல்லை. வேர் அதை உணரக்கூடச் செய்யாது. பூ முடிந்ததும் நடுப் பாசிக் கட்டியை நீக்கிவிட வேண்டும். எங்கள் தாமானில் அடுத்த சீனப் புத்தாண்டுக்கு இப்படி வந்த சட்டிகளில் சிலவற்றை இந்த முறையில் மாற்றிக் கொடுத்தோம்.

மழைக்காலத்துக்கு முன்பே செடியைச் சுவர்ப் பக்கம் தள்ளி, முதல் நாளிலிருந்தே தொங்கவிட வேண்டும். சாரலும் நத்தையும் இங்கே எதிர்பார்க்க வேண்டியவை.

குருத்தழுகிய முதல் செடியைக் குப்பையில் போட்டோம். அதன் வேர்களில் சில வெள்ளியாக இருந்தன, தண்டின் அடியும் கெட்டியாகத்தான் இருந்தது. குருத்து செத்தாலும் அடித்தண்டு பிழைத்திருந்தால் ஃபலேனாப்சிஸ் சில மாதம் கழித்துப் பக்கத்தில் குட்டி விடுவது உண்டு. அடுத்த முறை அப்படி ஒன்று வந்தால் கறுத்த பகுதியை மட்டும் வெட்டிக் காயவைத்து, கரிச்சட்டியில் ஓரமாக வைத்துப் பார்ப்பேன். அதற்கு ஒரு சட்டி இடம்தான் செலவு.